மிச்சிகன் அணியின் பின்னே ஆறு ஊர்கள்

நவம்பர் 10, 2023, வெள்ளி. ஆன் ஆர்பரிலிருந்து ஸ்டேட் காலேஜ்

ஒன்பது ஆட்டம், ஒன்பதிலும் வெற்றி. எந்த ஆட்டத்திலும் வித்தியாசம் 24 புள்ளிக்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் அந்த ஒன்பதில் கனமான எதிராளி ஒருவரும் கிடையாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி உண்மையில் எப்படிப்பட்டது என்பது நாளை நண்பகல், பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவில் பென் ஸ்டேட்டோடு மோதும்போதுதான் தெரியும். இனி சீசன் முடியும்வரை, ஆட்டம் நடக்கும் ஊரிலிருந்து அன்றன்றே குறிப்பு வரும்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரிலிருந்து, பென் ஸ்டேட்டின் ஊரான ஸ்டேட் காலேஜுக்குக் காரில் 600 கி.மீ.க்குச் சற்று அதிகம். டொலீடோ வரை தெற்கே இறங்கி, ஒஹாயோ டர்ன்பைக்கில் கிழக்கே போய், ஐ-80ஐப் பிடித்தால் பென்சில்வேனியாவின் பாதிவரை அதே சாலைதான். பெல்லஃபோன்ட் அருகே ஐ-99க்கு மாறவேண்டும். நிறுத்தங்களோடு ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சுங்கக் கட்டணம் தானாகக் கழியும் ஈ-ஸீபாஸ் அட்டையைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஒஹாயோ, பென்சில்வேனியா, இண்டியானா மூன்றிலும் செல்லும். அது இல்லாமல் பென்சில்வேனியா டர்ன்பைக்கில் ஏறினால் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து வீட்டுக்குப் பில் அனுப்புவார்கள், கட்டணமும் கூடுதல்.

ஸ்டேட் காலேஜ் சின்ன ஊர். ஆட்ட வாரத்தில் ஓட்டல் அறை பல மடங்கு விலை ஏறும், இரண்டு இரவு கட்டாயம் என்பார்கள். ஐ-99இல் முக்கால் மணி தள்ளி ஆல்டூனாவில் தங்கினால் செலவு வெகுவாகக் குறையும். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

இன்று மாலைக்குள் பெரிய செய்தி ஒன்று வந்துவிட்டது. அடுத்த மூன்று ஆட்ட நாட்களிலும் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா மைதானத்துக்குள் வரக்கூடாது என்று, மிச்சிகன் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகங்களின் பிக் டென் கூட்டமைப்பு தடை விதித்திருக்கிறது. வார நாட்களில் பயிற்சி தரலாம். இதில் ஒரு நுட்பத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எதிரணி ஓரத்திலிருந்து காட்டும் கைச்சைகைகளை ஆட்டத்தின்போது பார்த்துப் புரிந்துகொள்வது குற்றமல்ல. அடுத்து மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆளனுப்பி நேரில் உளவு பார்ப்பதுதான் கல்லூரி விதிகளில் தடைசெய்யப்பட்டது. குற்றச்சாட்டு இந்த இரண்டாவதைப் பற்றியது. நாளை பொறுப்பு ஷெரோன் மூரிடம். தாக்குதல் வரிசையைப் பழக்கியவர், தாக்குதல் திட்டத்தையும் வகுப்பவர் அவரே. நாளை என்ன நடக்கும் என்பதற்கு இதுவே பாதி விடை.

நவம்பர் 11, சனி. பீவர் ஸ்டேடியம்

மிச்சிகன் 24, பென் ஸ்டேட் 15.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு நான்கு வரி. மைதானம் 100 யார்டு. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. பிறகு உதைத்தால் 1, ஓடியோ வீசியோ மறுபடி நுழைந்தால் 2. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3.

இனி முக்கியமான விஷயம்: பந்தைப் பார்க்காதீர்கள். பந்துக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐவரைப் பாருங்கள். இவர்கள்தான் தாக்குதல் வரிசை, ஒவ்வொருவரும் லைன்மேன். நடுவில் சென்டர், இருபக்கமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டாக்கிள். ஒவ்வொருவரும் 130 கிலோவுக்குக் குறையாதவர். வழக்கமான ஆட்டத்தில் இவர்கள் பாஸ் பிடிக்கவும் கூடாது. சென்டரைத் தவிர யாரும் பந்தைத் தொடுவதில்லை. ஆனாலும் எந்தப் பக்கம் வழி திறக்கும் என்பது முதல் ஒரு நொடியில் இவர்கள் காலடியில் முடிவாகிவிடும்.

இதைப் பார்க்கச் சரியான இருக்கை, விலை கூடிய நடுக்கோட்டு வரிசை அல்ல. பக்கவாட்டில் தாழ உட்கார்ந்தால் ஓரத்தில் நிற்கும் வீரர்களின் முதுகுதான் தெரியும். கோல் பக்கத்து மேல் தளத்தில் உட்காருங்கள். இரு வரிசைகளும் எதிரெதிரே நிற்பது, நடுவே இடைவெளி பிளப்பது எல்லாம் கோலம் போட்டதுபோல் விரியும். டிக்கெட்டும் மலிவு.

பீவர் ஸ்டேடியத்தில் 2023இல் 106,572 பேருக்கு இடம். தெற்குக் கோல் பக்கம் முழுதும் மாணவர்கள். அந்தப் பக்கம் மிச்சிகன் வரும்போதெல்லாம் எழும் இரைச்சலில், பின்னே நின்று பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் குரல் ஓரடி தள்ளிக் கேட்காது. அதனால் வாய்ச்சொல்லுக்குப் பதில் தொடுகை: கார்டு பின்னால் திரும்பிக் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பார், அவர் சைகை காட்டியதும் சென்டரைத் தட்டுவார், ஒரு நிதானம் விட்டுப் பந்து பின்னே போகும். இதில் என்ன கெடும்? தாளம் ஒரே மாதிரி இருந்தால் எதிரணி எண்ணிப் பழகிவிடும். டாக்கிள் தலையைத் திருப்பிப் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்து வீரர் அரை அடி முந்திவிடுவார். பென் ஸ்டேட்டின் சாப் ராபின்சன் முதல் அடியிலேயே பாய்கிறவர். அவரைப் போன்றவருக்கு அரை அடி போதும்.

ஷெரோன் மூர் அந்த அரை அடியைக் கொடுக்கவே மறுத்தார். பாஸ் வீசுவதையே நிறுத்திவிட்டார். ஆட்டத்தின் கடைசி 32 முயற்சிகளும் ஓட்டம். நடுவில் வீசிய ஒரே பாஸும் பென் ஸ்டேட் செய்த தவறால் கணக்கில் ஏறவில்லை. குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி நாள் முழுதும் வீசியது எட்டே பாஸ், சேர்ந்தது ஏழு, 60 யார்டு. ஐவரோடு ஆறாவது லைன்மேனையும் கொண்டுவந்து நிறுத்தி, 46 ஓட்டத்தில் 227 யார்டு. அதில் பந்தை ஏந்தி ஓடும் பிளேக் கோரம் மட்டும் 145. இத்தனைக்கும் ஓட்டத்தைத் தடுப்பதில் நாட்டின் முன்வரிசை அணிகளில் ஒன்று பென் ஸ்டேட்.

இந்த ஆண்டு வந்த விதி மாற்றம் இதற்கு வலு சேர்க்கிறது. முன்பெல்லாம் முதல் டவுன் கிடைத்ததும் கடிகாரம் நிற்கும். 2023 முதல், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர நிற்பதில்லை. எல்லைக்குள் முடியும் ஓட்டம் ஒவ்வொன்றும், அடுத்த பந்து எடுக்கும்வரை 40 நொடி அளவுக்குக் கடிகாரத்தைத் தின்னும். முன்னணியில் இருக்கும் அணிக்கு 4 யார்டு ஓட்டம் என்பது இப்போது இரட்டை லாபம்.

வெளியே வந்ததும் பெர்க்கி கிரீமரிக்குப் போகலாம். பல்கலைக்கழகத்தின் சொந்தப் பால்பண்ணைக் கடை. ஒரே கோனில் இரண்டு சுவை சேர்த்துத் தரமாட்டார்கள், கேட்டுப் பயனில்லை. காரை எடுக்க அவசரப்பட வேண்டாம். புல்வெளி நிறுத்துமிடம் காலியாக இரண்டு மணி நேரம் ஆகும்.

நவம்பர் 18, சனி. காலேஜ் பார்க், மேரிலாண்ட்

மிச்சிகன் 31, மேரிலாண்ட் 24. மிச்சிகனின் 1000ஆவது வெற்றி. கல்லூரிக் கால்பந்தில் இந்த எண்ணைத் தொட்ட முதல் அணி.

வாஷிங்டனில் தங்கி மெட்ரோ பச்சை வழித்தடத்தில் காலேஜ் பார்க் நிலையத்தில் இறங்குவது நல்லது. மைதானம் நிலையத்தை ஒட்டி இல்லை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். போகிற வழியில் மெக்கெல்டின் நூலகத்தின் முன்னால் டெஸ்டூடோ என்ற வெண்கல ஆமை. மாணவர்கள் மூக்கைத் தடவித் தடவி அந்த இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது.

ஆட்டத்தில் வரிசை சோபிக்கவில்லை. ஒஹாயோ ஸ்டேட் அடுத்த வாரம் என்ற நினைப்பு எல்லார் காலிலும் தெரிந்தது. காப்பாற்றியவை இரண்டு சேஃப்டி. எதிரணியை அதன் சொந்தக் கோல் பகுதிக்குள்ளேயே முடக்கினால் 2 புள்ளி, கூடவே பந்தும் நமக்கு. முதலாவது, பன்ட் உதையைத் (நான்காம் டவுனில் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவது) தடுத்ததில் வந்தது. இரண்டாவது, 29-24 என்று மூச்சு முட்டும் நேரத்தில். டாமி டோமன் உதைத்த பன்ட் மேரிலாண்டின் 1 யார்டு கோட்டில் நின்றது. ஒரு யார்டில் தொடங்கும் குவார்ட்டர்பேக் கோல் பகுதிக்குள்ளேதான் நிற்க முடியும். நெருக்கம் தாங்காமல் ஆளில்லாத இடத்தில் பந்தை எறிந்தார். அது தவறு. அந்த இடத்தில் செய்தால் சேஃப்டி. பன்ட் உதைக்கும்போது பாப்கார்ன் வாங்க எழுந்து போகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

நவம்பர் 25, சனி. ஆன் ஆர்பர்

மிச்சிகன் 30, ஒஹாயோ ஸ்டேட் 24. இரு அணியும் 11-0 என்று வந்து நின்ற ஆட்டம். இவர்கள் முதலில் மோதியது 1897இல். 2020இல் கொரோனாவால் ரத்தானது தவிர, 1918 முதல் ஆண்டு தவறியதில்லை.

மிச்சிகன் ஸ்டேடியம் வெளியிலிருந்து பார்த்தால் அத்தனை பெரிதாகத் தெரியாது. 1927இல் பள்ளத்தைத் தோண்டி உட்கிண்ணமாகக் கட்டியதால் பெரும்பகுதி தரைக்குக் கீழே. வாயிலைத் தாண்டியதும் காலடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு லட்சம் பேர் இறங்கிப் போவார்கள். முதல்முறை பார்க்கிறவர் நின்றுவிடுவார். பின்னால் வருகிறவர்கள் அதற்குப் பழகியவர்கள். கொள்ளளவு 107,601. இன்று வந்தவர்கள் 110,615.

நடைமுறை விஷயங்கள். 2023இல் பை எதுவும் உள்ளே விடவில்லை, உள்ளிருப்பது தெரியும் பையும் கூடாது. வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது. டிக்கெட் கைபேசியில் மட்டும். வாயிலருகே லட்சம் பேரின் கைபேசியும் ஒன்றாகத் திணறும், சிக்னல் இருக்காது. ஆகவே வீட்டிலேயே கைபேசியின் வாலட்டில் சேமித்துவிடுங்கள். சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் முன்வாசல் புல்தரையை வாடகைக்கு விடுவார்கள். எதிரே பயனியர் உயர்நிலைப் பள்ளி மைதானமும் உண்டு. ஆனால் பள்ளி மைதானத்துக்குள் முதலில் போனவர் கடைசியில்தான் வெளியே வருவார். இருபது நிமிடம் நடக்கத் தயங்காதவர்கள் டவுன்டவுன் மாடிப் பார்க்கிங்கில் விடுவதே உத்தமம்.

குளிர் பூஜ்யத்தை ஒட்டி. பெஞ்சு அலுமினியம், தரை கான்கிரீட். உடம்பின் சூடு காலடி வழியாகவும் இறங்கும். காலுக்கடியில் ஒரு அட்டைத் துண்டு போட்டுக்கொண்டால் நான்காம் கால்பகுதியிலும் விரல் மரத்துப் போகாது. இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்கக் கூடாது. ரத்த ஓட்டம் நின்று குளிர் கூடும். தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும்.

முதல் டச்டவுன் நான்காம் டவுனில், 1 யார்டு மிச்சமிருக்க வந்தது. வில் ஜான்சன் பறித்த பாஸ் பந்தைக் கோல் வாசலுக்கே கொண்டுவந்திருந்தது. மூன்று முயற்சியில் முடியவில்லை. உதைத்து 3 புள்ளி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஷெரோன் மூர் மறுபடி கோரமிடமே பந்தைக் கொடுக்கச் சொன்னார். எப்படியோ ஒரு சாண் கிடைத்தது. இன்று நான்காம் டவுனில் துணிந்த மூன்று முறையும் மிச்சிகனுக்குக் கைகூடியது.

மூன்றாம் கால்பகுதியில், 17-17 என்றிருக்கும்போது, வலது கார்டு ஸாக் ஸின்டரின் காலில் எலும்பு முறிந்தது. குவியலில் யாரோ அவர் காலின்மேல் விழுந்தார். லைன்மேனுக்குப் பெரும்பாலும் காயம் இப்படித்தான் வரும்: முன்னால் இருப்பவரோடு மல்லுக்கட்டும்போது பின்னாலிருந்து விழுகிறவரை அவர் பார்க்க முடியாது. அணி முழுதும் மைதானத்துக்குள் வந்து சூழ்ந்து நின்றது. லட்சம் பேர் வாயடைத்துப் போனார்கள், பிறகு அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

அடுத்து நடந்ததை எதற்கும் அவசரப்படாமல் எழுத வேண்டும். வலது டாக்கிளாக நின்ற கார்சன் பார்ன்ஹார்ட் ஒரு இடம் உள்ளே தள்ளி கார்டானார். அவர் விட்ட இடத்துக்கு ட்ரென்ட் ஜோன்ஸ் வந்தார். சொல்ல எளிது. டாக்கிளுக்குப் பக்கத்தில் வெளி உண்டு, பின்வாங்கிச் சமாளிக்கலாம். கார்டுக்கு இருபுறமும் ஆள். எதிரே நிற்பவரும் கனமானவர், மோதல் அரை நொடி முந்தி நடக்கும். காலை வைக்கும் கோணமே மாறும். இவர்கள் ஆண்டு முழுதும் இரண்டு மூன்று இடங்களில் மாறிமாறிப் பழகியிருந்தார்கள். அதனால் முதல் முயற்சியிலேயே வழி பிளந்தது. கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன் போட்டுவிட்டு, ஸின்டரின் 65ஆம் எண்ணை விரலால் காட்டினார்.

27-24 என்று ஒஹாயோ நெருங்கியபோது மிச்சிகனிடம் பந்து, எட்டு நிமிடம் பாக்கி. ஏழு நிமிடத்தை அப்படியே ஓட்டத்தில் கரைத்தார்கள். ஜேம்ஸ் டர்னர் அன்றைய மூன்றாவது ஃபீல்டு கோலை அடித்து 30-24. பலருக்கும் இங்கே டச்டவுன் கிடைக்கவில்லையே என்ற குறை. ஆனால் 3 வித்தியாசம் 6 ஆகும்போது கணக்கே வேறு: ஒஹாயோவுக்கு இனி ஃபீல்டு கோல் பயன்படாது, டச்டவுன் வேண்டும், கையில் இருப்பது 65 நொடி. பாஸ் வீசியே ஆகவேண்டும் என்று மிச்சிகனுக்கும் தெரிந்துவிடும். அப்படித்தான் ஆயிற்று. ஜேலன் ஹாரெல் குவார்ட்டர்பேக்கின் கையை அணுகி இடித்ததில் பந்து தவித்து வர, ராட் மூர் பிடித்தார்.

டிசம்பர் 2, சனி. இண்டியானாபோலிஸ்

பிக் டென் இறுதி. மிச்சிகன் 26, அயோவா 0. ஹார்பா திரும்பிவிட்டார்.

ஃபோர்ட் வேய்ன் வழியாக ஐ-69இல் நாலு, நாலரை மணி நேரம். லூகாஸ் ஆயில் ஸ்டேடியம் கூரை மூடியது, குளிர் உடுப்பு வேண்டாம். நகர மையத்தில் பல ஓட்டல்களிலிருந்து கண்காட்சி மையம்வரை மூடிய நடைபாலங்கள் இருப்பதால் டிசம்பரிலும் சட்டை மட்டும் போட்டு நடக்கலாம். ஆட்டம் இரவு எட்டு மணிக்குமேல் தொடங்கி நள்ளிரவை ஒட்டி முடிகிறது. அன்றே காரோட்டித் திரும்பத் திட்டமிடாதீர்கள்.

மிச்சிகனின் தாக்குதல் மொத்தம் 213 யார்டுதான். அயோவா 155. இத்தனை குறைந்த தூரத்தில் 26 புள்ளி எப்படி வந்தது? அயோவா அணியின் உயிர்நாடியே பன்ட். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டோரி டெய்லர் உதைத்தால் எதிரணி தன் கோல் வாசலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். பிறகு அது தவறு செய்யும்வரை அயோவா காத்திருக்கும். இன்று செமாஜ் மோர்கன் ஒரு பன்ட்டைப் பிடித்து 87 யார்டு திரும்பிக் கொண்டுவந்தார். நீளமான உதைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பந்து தடுப்பவர்களை முந்திப் போய்விட்டால், பிடித்தவருக்கு ஓட இடம் கிடைக்கும். மிச்சத்தை டர்னரின் நான்கு ஃபீல்டு கோலும் கோரமின் இரண்டு டச்டவுனும் பார்த்துக்கொண்டன.

டிசம்பர் 3, ஞாயிறு

தேசியப் பட்டத்துக்கான அரையிறுதியில் ஆடும் நான்கு அணிகளின் பட்டியல் வந்தது: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. 13 ஆட்டமும் வென்ற ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு இடமில்லை. குவார்ட்டர்பேக் காயமடைந்தார் என்பதற்காகத் தோற்காத அணியை விலக்கியது சரியல்ல என்றே நினைக்கிறோம். ஆட்டங்கள் எதற்கு ஆடப்படுகின்றன?

மிச்சிகனுக்கு அலபாமா. இடம் பாசடீனா.

டிசம்பர் 31, ஞாயிறு. பாசடீனா

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலிருந்து ஃபிளைஅவே பேருந்தில் யூனியன் ஸ்டேஷன். அங்கிருந்து மெட்ரோ ஏ வழித்தடத்தில் மெமோரியல் பார்க் நிலையம். டேப் அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டால் ஒரு பயணம் 1.75 டாலர்.

நாளை காலை எட்டு மணிக்கு ரோஸ் அணிவகுப்பு, கொலராடோ சாலையில், ஐந்தரை மைல். இன்று நண்பகல் முதல் நடைபாதையில் இடம் பிடிக்கலாம். இரவு 11 மணிக்குச் சாலையில் வரைந்த நீலக்கோடுவரை முன்னேறலாம், அதைத் தாண்டக்கூடாது. போர்வை, மடக்கு நாற்காலி, வெந்நீர்க் குடுவை. இரவில் நல்ல குளிர். ஊர்திகளின் வெளிப்பரப்பு முழுதும் பூ, விதை, இலை, பட்டை என்று இயற்கைப் பொருளாலேயே மூடப்பட்டிருக்க வேண்டும். கிட்ட நின்று பார்த்தால் நிறம் தீட்டியது என்று நினைத்த இடமெல்லாம் விதையும் பொடித்த இதழும்.

1902இல் இங்கே நடந்த முதல் ஆட்டத்தில் ஆடியது மிச்சிகன்தான். ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று அடித்தார்கள். எட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போதே ஸ்டான்ஃபோர்ட் போதும் என்றது. அதன்பின் 1916வரை இங்கே கால்பந்தே நடத்தவில்லை. தேர்ப்பந்தயம் வைத்தார்கள்.

ஜனவரி 1, 2024, திங்கள். ரோஸ் பௌல்

கூடுதல் ஆட்டத்தில் மிச்சிகன் 27, அலபாமா 20.

அணிவகுப்பு முடிந்ததும் கொலராடோ சாலையிலிருந்து அரோயோ பள்ளத்தாக்குக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறக்கம். நடந்தே போங்கள். திரும்பும்போது ஏற்றம் என்பதை நினைவில் வையுங்கள். மைதானம் 1922இல் கட்டியது. உள்ளே போகும் சுரங்க வழிகள் குறுகல்; ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரமாவது இருக்கும்போதே நுழைந்துவிடவேண்டும். மேற்குப் பக்கத்து இருக்கை எடுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். கிழக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டு மணிநேரம் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும். ஐந்து மணியளவில் வெயில் இறங்க, சான் கேப்ரியல் மலைகள் ரோஜா நிறமாகும். அந்தப் பத்து நிமிடம் பந்தை மட்டுமல்ல, லைன்மேன்களையும் மறக்கலாம்.

மிச்சிகன் இன்று தோற்றிருக்க வேண்டிய வழிகள் பல. மோர்கன் ஒரு பன்ட்டை நழுவவிட்டார், அதிலிருந்து அலபாமாவின் முதல் டச்டவுன். இன்னொரு முறை, எளிதான ஒரு புள்ளி உதை பந்தை நிலைநிறுத்துவதில் பிசகியது. முடிவில் 44 நொடி இருக்க, ஜேக் தா தன் கோல் வாசலில் பன்ட்டைப் பிடிக்கப்போய் நழுவவிட்டு, எப்படியோ அதன்மேல் விழுந்தார். பன்ட் பிடிப்பவருக்குப் பாலபாடம்: சொந்த 10 யார்டுக்கு உள்ளே பந்து வந்தால் விலகி நில்லுங்கள், அது உருண்டு கோல் பகுதிக்குள் போனால் 20இல் கிடைக்கும்.

20-13 என்று பின்தங்கி, நாலரை நிமிடம் இருக்க, 75 யார்டு போகவேண்டிய நிலை. நான்காம் டவுன், 2 யார்டு: கோரமுக்குக் குறும் பாஸ். பிறகு ரோமன் வில்சன் எம்பிப் பிடித்த 29 யார்டு. பிறகு அவருக்கே டச்டவுன் பாஸ். கூடுதல் ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் எதிரணியின் 25 யார்டிலிருந்து ஒரு வாய்ப்பு. கோரம் 8, மறுபடி கோரம் 17. இரண்டே ஓட்டம்.

அலபாமா 3 யார்டுவரை வந்து நான்காம் டவுனில் நின்றது. நாள் முழுதும் அவர்கள் சென்டரின் ஸ்நாப் (குவார்ட்டர்பேக்குக்குப் பின்னே தரும் பந்து) தாழ்ந்தே வந்துகொண்டிருந்தது, இதுவும் தாழ்ந்தது. ஸ்நாப் கணுக்காலுக்கு வந்தால் குவார்ட்டர்பேக் கண்ணைக் கீழே இறக்கவேண்டும்; நிமிரும்போது வழி மூடியிருக்கும். ஜேலன் மில்ரோ நேராக நடுவில் நுழைந்தார். அங்கே மிச்சிகனின் ஜோசையா ஸ்டூவர்ட், தன்னைவிட மிகக் கனமான டாக்கிளைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்து அந்த வழியிலேயே நிறுத்தியிருந்தார். தாழ்வாக நுழைந்தவர் கனத்தவரை நகர்த்துவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

ஜனவரி 8, திங்கள். ஹூஸ்டன்

தேசிய இறுதி. மிச்சிகன் 34, வாஷிங்டன் 13. சீசன் 15-0.

ஆட்டம் உள்ளூர் நேரம் மாலை ஆறரைக்கு மேல்தான். பகல் முழுதும் கையில் இருக்கிறது. ஹில்கிராஃப்டை ஒட்டிய மகாத்மா காந்தி வட்டாரத்தில் தோசை கிடைக்கும். தெற்கே பியர்லாண்டில் மீனாட்சி கோயில், என்.ஆர்.ஜி. ஸ்டேடியத்திலிருந்து ஏறக்குறைய அரை மணி. மைதானத்துக்கு நகர மையத்திலிருந்து ரெட் லைன் ரயில், 1.25 டாலர். திரும்பும் டிக்கெட்டையும் கைபேசிச் செயலியில் முன்பே வாங்கிவிடுங்கள்.

நாட்டின் சிறந்த தாக்குதல் வரிசைக்கு ஜோ மூர் விருது தருவார்கள். 2021, 2022 இரண்டும் மிச்சிகனுக்கு. 2023 வாஷிங்டனுக்கு. ஆக இன்று வந்து நின்றவை விருது பெற்ற இரண்டு வரிசைகள். வாஷிங்டனுடையது பாஸுக்குக் காவல் நிற்கப் பழகியது. பின்வாங்கி, கைநீட்டி, குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸுக்கு மூன்று நொடி வாங்கிக் கொடுக்கும். மிச்சிகனுடையது முன்னே போய் இடிக்கப் பழகியது. ஹென்டர்சன், கீகன், நியூஜென்ட், பார்ன்ஹார்ட், ஜோன்ஸ். ஸின்டர் இல்லாமல், நவம்பர் 25இல் மாற்றிய அதே வரிசை.

முதல் கால்பகுதியில் டோனோவன் எட்வர்ட்ஸ் 41 யார்டு, பிறகு 46 யார்டு. முதலாவதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நடுவில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரைத் தள்ளுகிறார்கள். வாஷிங்டனின் பின்வரிசை முழுதும் அந்த நெரிசலை நோக்கி ஓடிவருகிறது. நடு அடைபட்டது. எட்வர்ட்ஸ் ஒரு காலை ஊன்றி வெளிப்பக்கம் திரும்பினால் அங்கே ஆளே இல்லை. நடுவில் மூன்று யார்டு எடுப்பார்கள் என்ற பயம் எதிரணிக்கு இருந்தால்தான் ஓரம் காலியாகும். அந்தப் பயம் ஒரு நாளில் வந்ததல்ல, பென் ஸ்டேட்டுக்கு எதிராக ஓடிய 32 ஓட்டத்திலிருந்து சேர்த்தது.

அரைநேரத்தில் 17-10. இரண்டாம் பாதியின் முதல் பாஸையே வில் ஜான்சன் பறித்தார். ஆனாலும் மூன்றாம் கால்பகுதியில் மிச்சிகனின் ஓட்டம் அடைபட்டு, 20-13 என்று வெகுநேரம் இழுத்தது. காரணம் எளிது. வாஷிங்டன் கூடுதலாக ஓர் ஆளை முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டது. கடைசியில் அந்த ஆளும் களைத்தார். கோரம் 12 யார்டு. மைக் செய்ன்ரிஸ்டில் பறித்து 81 யார்டு ஓடினார். மறுபடி கோரம், 1 யார்டு. மொத்தம் ஓட்டத்தில் 303 யார்டு. கோரம் 134, எட்வர்ட்ஸ் 104. பெனிக்ஸ் 51 பாஸ் வீச வேண்டியதாயிற்று.

இதற்கு முன் பங்கில்லாத முழு உரிமையோடு மிச்சிகன் தேசியப் பட்டம் வாங்கியது கடைசியாக 1948இல். 1997இல் பகிர்ந்துகொண்டார்கள்.

வெளியே வரும்போது ஸ்டேடியம் பார்க் நிலையத்தில் வரிசை வேலியைச் சுற்றிப் போகும். நகர மையத்துக்கான வண்டி வடக்கே போவது; தெற்கே ஃபேனின் சவுத் நோக்கிப் போகும் வண்டியில் தவறி ஏறுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. வண்டி வரும் திசையைப் பார்த்து ஏறுங்கள்.